வெள்ளைச்சீலை அம்மனுக்கு வைத்த நேர்த்தி

சனிக்கிழமைக் காலைகளில் விநாயகமூர்த்தியின் குளிசைப் பெட்டியை நிரப்புவது பேபியின் வேலை. ஏழு நாளுக்கு ஏழு வரிசை, வரிசைக்கு மூன்று குழி. இரத்தத்தை இளக்குகிற குளிசை, பிரஷர்க் குளிசை, கொழுப்புக் குளிசை, உடம்பில் தேங்கும் நீரைப் போக்குகிற குளிசை, இத்தனையும் சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொரு குளிசை. பேபி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துப் போடுவாள். விநாயகமூர்த்தி எதிர்க் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி மேற்பார்வை செய்வார்.

"வியாழக்கிழமைக்கு நீலத்தை விட்டிட்டீர்."

"நீலம் இரவுக்கு. போன கிழமையும் இதைத்தான் சொன்னனீங்கள்."

"கேட்டு வைக்கிறது நல்லம்தானே."

அவர் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். அதில் கடைசி ஆறு வருடம் சுப்பர்வைசர். ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. மேற்பார்க்க வேறு ஆள் கிடைக்காதபடியால் பேபி அகப்பட்டுக்கொண்டாள்.

பேபிக்கு வயது அறுபத்தொன்று. பேபி என்பது வீட்டுப் பெயர் இல்லை; பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலும் அதுதான். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது பெயர் யோசிக்க அவளுடைய தகப்பனுக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும். ரொறன்ரோவில் எந்த கிளினிக்குக்குப் போனாலும் நேர்ஸ் "பேபி விநாயகமூர்த்தி" என்று கூப்பிட்டுவிட்டுக் குழந்தை வண்டி எங்கே என்று தேடுவாள். பேபி கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பி, "மீ, மீ" என்று சொல்லிக்கொண்டு போவாள். முப்பத்திரண்டு வருடமாக இப்படித்தான். அதற்காக அவள் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.

கனடாவுக்கு வந்த மூன்றாம் மாதமே ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்து நான்கு வருடம். பெரிய படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு நுனியில் பேபி, மற்ற நுனியில் சூ ஃபென். சூ ஃபென் சீனாவின் தென்பக்கத்துக்காரி. இரண்டு பேருக்கும் சேர்த்து இருநூறு ஆங்கிலச் சொல் தேறும். அதை வைத்துக்கொண்டே மாமியார், மருமகன், மூட்டுவலி, மாதவிடாய் நின்றது, மனேஜரின் பொய்த் தலைமயிர் என்று எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். மடித்துக்கொண்டு கிட்ட வரும்போது ஒரு வசனம், விலகிப் போகும்போது பதில்.

பேபி சனிக்கிழமை வரிசையின் மூடியை அமத்தினாள்.

"கெதியா வெளிக்கிடுங்கோ. மயூரி பத்து மணிக்கு வாறாள்."

"சூ ஃபென்னின்ர கோயிலுக்குத்தானே? சாப்பாடும் இருக்கெண்டனீர்."

"ஓம். மரக்கறிச் சாப்பாடு."

"என்ன கோயில் அது?"

"அம்மன் கோயில் மாதிரி."

அது முழுப் பொய் இல்லை. பேபியும் முதலில் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

போன வருடம் பெப்ரவரியில், அஜின்கோர்ட் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த விநாயகமூர்த்தி சவளைப் பிடித்தபடியே குந்திவிட்டார். இதயத்தில் மூன்று அடைப்பு. சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனபோது காலை எட்டு மணி. வெளியே பேபி பிளாஸ்டிக் கதிரையில் இருந்து ஒவ்வொரு கடவுளாகக் கூப்பிட்டாள். முதல் மணித்தியாலத்தில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய். இரண்டாம் மணித்தியாலத்தில் அம்மனுக்குப் பாற்குடம். பிறகு மாதாவுக்கு அவருடைய உயரத்தில் மெழுகுதிரி. அவர் ஐந்தடி நாலு அங்குலம்தான், அது வசதியாகப் போயிற்று. ஐந்தாம் மணித்தியாலத்தில் அவளுக்குத் தெரிந்த தெய்வங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. டொக்டர் இன்னும் வெளியே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து சூ ஃபென் வந்தாள். ஒரு தோடம்பழத்தை உரித்துப் பேபியின் கையில் வைத்துவிட்டு, தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைச்சீலை உடுத்த ஒரு பெண். தலையில் முக்காடு, கையில் சின்னச் செம்பு, காலுக்குக் கீழே தாமரைப்பூ.

"ஹூ?" என்று பேபி கேட்டாள்.

"மதர். எவ்ரிபடி க்ரை, ஷீ லிஸன்."

தாமரை, செம்பு, சீலை, அழுதால் கேட்கிற காது. பேபிக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. சீனாக்காரருக்கும் ஒரு அம்மன் இருக்கத்தானே வேணும் என்று நினைத்தாள். போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாயே, இந்த மனுசனை எழுப்பித் தா. உன்ர வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, அவற்ற கையாலயே தேங்காய் உடைப்பிக்கிறன்" என்று நேர்த்தி வைத்தாள்.

மனுசன் எழும்பிவிட்டார். பேபி ஒவ்வொரு நேர்த்தியாக முடித்துக்கொண்டு வந்தாள். நெஞ்சைத் திறந்து மூடிய டொக்டருக்கும் முப்பது உழுந்துவடை கொண்டுபோய்க் கொடுத்தாள். கடைசியில் மிஞ்சியது வெள்ளைச்சீலை அம்மன். விலாசம் பார்த்துச் சொல்லச் சொல்லி மகளிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளித்தது.

"அம்மா, திஸ் இஸ் அ புத்திஸ்ற் ரெம்பிள்," என்றாள் மயூரி. "புத்த கோயில். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகப் போறியளோ? சீரியஸ்லி?"

பேபி மாடிப்படியில் அப்படியே இருந்துவிட்டாள்.

விநாயகமூர்த்திக்கும் புத்தருக்கும் முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவருடைய ஊர்ச் சந்தியில் அரசமரத்துக்குக் கீழே ஒரு பிள்ளையார் இருந்தார். ஆமி முகாம் வந்தது. அடுத்த தடவை யாரோ அனுப்பிய படத்தில் அந்த இடத்தில் கொங்கிறீற் கூரையோடு புத்தர் இருந்தார். பிள்ளையார் பள்ளிக்கூடத்தின் சாமான் அறையில், உடைந்த வாங்கு, மேசைகளுக்கு நடுவில் இருப்பதாகக் கேள்வி. அன்றைக்கு முடிவெடுத்தவர்தான். சீனச் சாப்பாட்டுக் கடையில் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிற குண்டுப் புத்தருக்குக்கூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் காசு கொடுப்பார். மயூரிக்கு யாரோ பரிசாகக் கொடுத்த, புத்தர் தலை வடிவிலான மெழுகுதிரியைக் கராஜில் சுவரைப் பார்க்க வைத்திருக்கிறார்.

ஆகவே பேபி அந்த நேர்த்தியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். இரண்டு கிழமைக்கு முன், அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த விநாயகமூர்த்தி பாதி வழியில் வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார். "வாய்வு" என்றார். டொக்டர் அதை வாய்வு என்று ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பரிசோதனை வைத்திருந்தார். பெல்ற்றில் நடக்கவிட்டு நெஞ்சைப் பார்க்கிற பரிசோதனை. இது யாருடைய வேலை என்று பேபிக்குச் சந்தேகமே இல்லை. பாவம், வெள்ளைச்சீலைக்காரி பதினைந்து மாதம் பொறுத்திருக்கிறாள். எங்கட அம்மன் என்றால் மூன்றாம் மாதமே அம்மை போட்டிருப்பாள்.

செவ்வாய்க்கு முன் இதை முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

கோயில் பீட்டர்பரோ போகிற வழியில், ஒன்றேகால் மணித்தியால ஓட்டம். மயூரி ஓட்டினாள். பின் சீற்றில் பேபி, காலுக்கிடையில் துணிப்பைக்குள் மூன்று தேங்காய். ஒன்று அழுகல் என்றால் மாற்றுக்கு இரண்டு. முதல்நாளே தும்பு வழித்து மஞ்சள் பூசி வைத்திருந்தாள்.

சீனாவில் யாத்திரை போகிற மலைகள் இருக்கின்றன, அங்கே போக முடியாதவர்களுக்காகத்தான் இந்த இடத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்று சூ ஃபென் முன்பே விளங்கப்படுத்தியிருந்தாள். சீனாவில் மலை, ஆயிரம் படி, முழங்கால் போய்விடும். இங்கே மலையில்லை, பாக்கிங் இருக்கிறது. புண்ணியம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்றாள். பேபிக்கு அது நியாயமாகப் பட்டது. கதிர்காமத்துக்குப் போக முடியாமல்தானே றிச்மண்ட் ஹில்லுக்குப் போகிறோம்.

வாசலால் கார் திரும்பியதும் விநாயகமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முற்றத்து நடுவில் வெள்ளைக் கல்லில் ஒரு பெரிய பெண் உருவம். அதற்குப் பின்னால், மண்டபத்தின் திறந்த கதவுக்குள், பொன் நிறத்தில் இன்னொருவர்.

"உது ஆர்?"

"அம்மன்," என்றாள் பேபி.

"அம்மனுக்குப் பின்னாலை இருக்கிறவர் ஆர்? சுருட்டை மயிரோட?"

பேபி கொஞ்சம் யோசித்தாள். "அவவின்ர சொந்தக்காரர்."

மயூரி ஸ்ரியறிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். விநாயகமூர்த்தி சிரிக்கவில்லை.

"பேபி, நீர் என்னை ஏமாத்திக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்."

"சாப்பாட்டுக்குத்தானே வந்தனாங்கள்."

"நான் காரிலை இருக்கிறன். நீங்கள் போய்க் கும்பிட்டு, சாப்பிட்டு, மொட்டையும் அடிச்சுக்கொண்டு வாங்கோ."

பேபி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அவள் போட்டிருந்த கணக்கு வேறு. பதினொன்றரை மணிக்கு நீர் போக்குகிற குளிசை தன் வேலையைத் தொடங்கும். அதற்குப் பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் எந்தக் கொள்கையும் காருக்குள் இருக்காது.

சூ ஃபென் படியடியில் நின்றாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பேபி வெள்ளைக்கல் அம்மனுக்கு முன் போய்ச் செருப்பைக் கழற்றி, கும்பிட்டு, உடைக்கிற இடம் தேடிச் சுற்றிப் பார்த்தாள். தேங்காய் உடைக்கிற கல் எங்கேயும் இல்லை. படிதான் நல்ல கருங்கல்லாக இருந்தது. அவருடைய கை வந்து சேரும்வரை இடத்தையாவது பார்த்து வைப்போம் என்று ஒரு தேங்காயை எடுத்துப் படியில் தட்டிப் பார்த்தாள். தொண்டர் ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தக் கல் சீனாவிலிருந்து கப்பலில் வந்ததாம்.

"நோ த்ரோ! ப்ளீஸ், நோ த்ரோ!"

"நொட் த்ரோ. பிறேயர்," என்றாள் பேபி.

சூ ஃபென் அவருக்குச் சீனத்தில் விளக்கினாள். அவர் இன்னும் பயந்தார். கடைசியில் மூன்று பேரும் மண்டபத்துக்குள் இருந்த மூத்த பிக்குணியிடம் போனார்கள். மொட்டைத் தலை, சாம்பல் உடுப்பு, எழுபது வயதுக்கு மேல். தேங்காயை வாங்கிக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்டாள். நல்ல காய் என்று தலையாட்டினாள். பழங்களோடு பீடத்தில் வைக்கச் சொன்னாள்.

"வைச்சாக் காணாது," என்று பேபி தமிழில் சொல்லி, கையால் உடைத்துக் காட்டினாள்.

அந்த நேரம்தான் விநாயகமூர்த்தி உள்ளே வந்தார்.

குளிசை அவரைக் காரிலிருந்து இறக்கியிருந்தது. கழிவறை மண்டபத்துக்குள்ளால் போய்ப் பின்பக்கம் என்று யாரோ காட்டியிருந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். காலுக்குக் கீழே குளிர்ந்த கல். மூக்கில் ஊதுபத்தி. எங்கேயோ ஒரு மணி அடித்தது. முப்பது வருடமாக வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயில் வாசலில் பழகிய கை, அவரைக் கேட்காமல் தானாகவே சேர்ட்டின் பொத்தான்களைக் கழற்றியது. சேர்ட்டை மடித்து இடுப்பில் செருகியது. அவர் அப்படியே மேலாடை இல்லாமல் புத்தருக்கு முன்னால் விறுவிறு என்று நடந்து பின்பக்கம் போய், கடமையை முடித்துக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தார். மண்டபத்தில் எல்லோரும் தன்னையே பார்ப்பதை அப்போதுதான் கண்டார்.

தொண்டையடியிலிருந்து வயிறு வரை நேர்கோட்டில் இறங்கிய தழும்பைப் பிக்குணி கிட்ட வந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கி மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம். பிறகு ஏதோ சொன்னாள்.

"ஷீ சே," என்றாள் சூ ஃபென், "வெரி குட் சூயிங்."

தையல் நல்லம். இருபது வருடத்துக்கு மேல் கிழிசல் பார்த்துப் பழகிய பேபியும் சூ ஃபென்னும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

"அப்பா, வட் ஆர் யூ டூயிங்?" என்றாள் பின்னால் வந்த மயூரி.

"வேர்த்தது. கழட்டினனான்." அவர் அவசரமாகச் சேர்ட்டைப் போட்டார். பொத்தான் ஒன்று மாறிப் பூட்டுப்பட்டது.

இதைவிட நல்ல நேரம் வராது என்று பேபி நினைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கதிரை, போனில் இருந்த படம், நேர்த்தி, அவருடைய கை. சொல்லி முடிக்க அவருடைய முகம் கறுத்துவிட்டது.

"என்ர உயிருக்கு இவரிட்டையோ கேட்டனீர்?"

"இவரிட்ட இல்லை. வெளியிலை நிக்கிறவவிட்ட."

"பிள்ளையார்தான் காப்பாத்தினவர் எண்டு நூற்றெட்டு உடைச்சனாங்கள்."

"எல்லாரும் சேந்துதான்."

"அப்ப டொக்டர்?"

"அவருக்கும் வடை குடுத்தனான்தானே!"

"என்னை ஒரு சொல்லுக் கேக்காமல் என்ர கையை நேந்திருக்கிறீர்."

"கேட்டிருப்பன். உங்கட நெஞ்சைத் துறந்து வைச்சிருந்தவங்கள்."

விநாயகமூர்த்தி சூ ஃபென் பக்கம் திரும்பினார். "ஐ நொட் பிறேக்," என்றார். சூ ஃபென் அதைப் பிக்குணிக்குச் சொன்னாள். பிக்குணி கொஞ்சமும் யோசிக்காமல் கையை வீசிப் பதில் சொன்னாள்.

"ஷீ சே, நோ நீட். மதர் நொட் வோன்ற் கோக்கனற். ஃபினிஷ். ஈற்." சூ ஃபென் பேபியின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் சொன்னாள். அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், குசினிக்குப் பின்னால் சீமெந்து நிலம் இருக்கிறது, அங்கே உடைக்கலாம். உடைத்துவிட்டுக் கூட்டித் துப்புரவாக்க வேண்டும்.

"பாத்தீரோ," என்றார் விநாயகமூர்த்தி. "அவையே வேண்டாமெண்டினம். சோலி முடிஞ்சுது."

சாப்பாட்டு அறையில் நீள மேசைகள். அவரவர் கோப்பையை அவரவர் கழுவி வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. நூடில்ஸ், காளான், சோயாக்கட்டி, ஏதோ ஒரு கீரை. விநாயகமூர்த்தி வென்ற ஆளின் பசியோடு சாப்பிட்டார். காளானை இறைச்சி மாதிரிச் சமைத்திருக்கிறார்கள் என்று புகழ்ந்தார். உப்புத்தான் கொஞ்சம் குறைவு என்றார். இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். மயூரி தேத்தண்ணி எடுக்க எழுந்து போனாள்.

பேபி சோயாக்கட்டிகளைக் கோப்பையின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கினாள். பிறகு மற்றப் பக்கத்துக்கு ஒதுக்கினாள். சலவை வேலையில் இருந்த காலத்தில் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுக் கோப்பையை வழித்து வைத்துவிட்டு ஓடுகிறவள். கலியாண வீட்டில் மற்றவர்கள் மிச்சம் விட்டாலே மனம் பொறுக்காது. முப்பத்தைந்து வருடத்தில் அவள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்து விநாயகமூர்த்தி பார்த்ததில்லை.

"சாப்பிடுமன்."

"பசிக்கேல்லை."

"அதுதான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினமே. பிறகென்ன?"

"அவ வேண்டாமெண்டு சொல்லலாம். குடுக்கிறன் எண்டு சொன்னது நான்." பேபி குரலை உயர்த்தவில்லை. "மற்றவைக்கெல்லாம் குடுத்துப்போட்டு இவவுக்கு மட்டும் குடுக்கேல்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பெல்ற்றிலை நீங்கள் நடக்கேக்கை நான் வெளியில கதிரையில இருக்கவேணும். இனிக் கூப்பிட ஒருத்தரும் மிச்சமில்லை."

"உது வாய்வெண்டு சொன்னனான்."

"ஓம். வாய்வு."

அவர் நூடில்ஸை முள்ளுக்கரண்டியில் சுற்றினார். சுற்றியது வாய்க்குப் போகவில்லை. இடது கை சேர்ட்டுக்கு மேலே, பொத்தான் மாறிப் பூட்டுப்பட்ட இடத்தை மெல்லத் தடவியது. வாய்வுக்கு ஒருத்தரும் அந்த இடத்தில் தடவுவதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு கிழமையாக அவர் படுக்கும்போது வலப்பக்கம்தான் திரும்பிப் படுக்கிறார் என்பதும் பேபிக்குத் தெரியும்.

"அந்தச் சந்திப் பிள்ளையார் இன்னும் சாமான் அறையிலைதான் இருக்கிறார்," என்றார்.

"ஓம்."

"அதை நான் மறக்கேல்லை."

"மறக்கச் சொன்னனானே? நான் என்ன, சந்தியிலை இருக்கிறவருக்கே உடைக்கச் சொன்னனான்? இவ ஒரு பொம்பிளை. செம்போட நிக்கிறா. இவவுக்கு ஆமியும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது."

"சொந்தக்காரர் எண்டனீர்."

"சொந்தக்காரர் செய்யிறதுக்கெல்லாம் நாங்கள் பொறுப்பே? உங்கட தம்பி செய்ததுக்கு ஆரும் உங்களைக் கேட்டவையே?"

விநாயகமூர்த்தி மீதி நூடில்ஸைச் சாப்பிட்டு முடித்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போய்க் கழுவினார். வீட்டில் அவர் கோப்பை கழுவிப் பேபி கண்டதில்லை; இங்கேயும் பின்பக்கத்தைக் கழுவவில்லை. ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, மேசைக்குக் கீழே குனிந்து துணிப்பையை இழுத்தெடுத்தார்.

"எந்தக் கதவெண்டு சொன்னவ?"

பேபி குசினிக்குப் பக்கத்தில் இருந்த பச்சைக் கதவைக் காட்டினாள்.

"மூண்டையுமோ?"

"ஒண்டுதான். அழுகலெண்டா மற்றதை எடுங்கோ." பேபி பாதி எழும்பினாள். "பலமா எறியாதேங்கோ. நிலத்துக்குக் கிட்டப் பிடிச்சுப் போடுங்கோ. விளக்குமாறு கதவடியில நிக்குது."

"தெரியும். சுப்பர்வைசர் நான்."

அவர் நடந்தார். பேபி நின்றபடியே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அவவை நினைச்சுத்தானே உடைக்கப் போறியள்? எனக்காகச் சும்மா உடைச்சாச் சரிவராது. மனசோடதானே?"

விநாயகமூர்த்தி பையை வலக் கைக்கு மாற்றிக்கொண்டு, பச்சைக் கதவைத் தோளால் தள்ளி வெளியே போனார்.